முதல் மூன்று நாள்

(மும்பை தாராவியில் தமிழ்ப் பெண்களுக்கான எழுத்தறிவு மையம் ஒன்றில், தலைப்பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் பெண்களிடம் ஒரு தொண்டர் பேசியது)

பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அத்தைமார்களே, நீங்கள் வந்ததில்தான் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"இது எழுத்துப் படிக்கிற இடம். இங்கே தாய்ப்பால் பேச்சு எதுக்கு?" என்று ஒரு மதினி வாசலில் கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் அதற்குப் பதில் கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டில் நடந்தது

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் என் அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். திருநெல்வேலியிலிருந்து ஆச்சியும் வந்திருந்தார். அக்கா நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நான் அந்த வருடம்தான் பத்தாவது பாஸ் செய்திருந்தேன்.

ஒரு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஆச்சி சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் சேனை வைத்தார். முதல் நாள் பிள்ளை தூங்கியது. இரண்டாம் நாள் ராத்திரி முழுவதும் அழுதது. அக்கா மார்பைப் பிழிந்து பார்த்தாள். மஞ்சளாக இரண்டு சொட்டு வந்தது. "இது பால் இல்ல, சீம்பால். பிள்ளைக்கு ஆகாது. உனக்குப் பால் பத்தல" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

அங்கே இருந்த ஒரு பெண் ஊழியர் பால்பவுடர் பெயர் ஒன்றைச் சொன்னார். ஓடிப்போய் டப்பாவும் புட்டியும் வாங்கி வந்தது நான்தான்.

புட்டியில் குடித்த பிள்ளைக்கு மார்பைச் சப்பப் பிடிக்கவில்லை. அது சப்பாததால் அக்காவுக்குப் பாலும் ஊறவில்லை. டப்பா ஒரு வாரம்கூட வரவில்லை. அடுத்த டப்பாவுக்குக் காசு வேண்டுமே. அம்மா நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போட்டார். மழைக்காலம். குழாயில் கலங்கல் தண்ணீர். புட்டியை டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரில் கழுவினோம்.

மூன்றாவது வாரம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஒரே நாளில் கண் குழி விழுந்துவிட்டது. மூத்திரம் நின்றுபோனது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐந்து நாள் ஊசி, சொட்டு மருந்து.

அங்கே ஒரு டாக்டரம்மா, "இந்த வீட்டில் யாருக்குப் படிக்கத் தெரியும்?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். டப்பாவை என் கையில் கொடுத்து, "படி" என்றார். படித்தேன். "தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதும் இருந்தது. மூன்று வாரமாக அந்த டப்பா எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. பத்தாவது படித்த நான் ஒரு நாள்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பிள்ளை பிழைத்தது. பிறகு ஒரு நர்ஸ் அக்கா அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பிள்ளையை உடம்போடு உடம்பாக அணைத்து, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மார்பில் போடச் சொன்னார். வேறு பாலைப் பாலாடையில் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைக்கச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பால் திரும்ப ஊறியது.

அப்படியானால் அக்காவிடம் முதலிலேயே பால் இருந்திருக்கிறது. இல்லாமல் போனது பால் இல்லை. முதல் மூன்று நாளில் என்ன நடக்கும் என்ற விவரம்தான் எங்களிடம் இல்லை.

இந்த விவரத்தைப் பிரசவத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். வலி எடுத்த பிறகு படிக்க நேரம் இருக்காது. பிள்ளை அழும்போது சுற்றிலும் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். அப்போது எது சரி என்று தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பேச்சு.

நாட்டுக் கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய அரசு சில வருடங்களுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய்க் குடும்ப நலக் கணக்கு எடுக்கிறது. 2015-16 கணக்கின்படி நம் நாட்டில் 100 பிரசவத்தில் 79 ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் நடந்தன. 2019-21 கணக்கில் அது 89 ஆக உயர்ந்தது. நல்ல முன்னேற்றம்.

ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த பிள்ளைகள் எத்தனை? முதல் கணக்கில் 100க்கு 42. அடுத்த கணக்கிலும் 42 தான்.

யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதைக் கற்றுக்கொண்டோம். முதல் மணி நேரத்தில் பிள்ளையை மார்பில் போடுவதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கட்டிலும் டாக்டரும் இருந்தால் மட்டும் போதாது. தாயும் கேட்க வேண்டும். "என் பிள்ளையை என்னிடம் கொடுங்கள், பால் கொடுக்கணும்" என்று கேட்க வேண்டும். வாய்விட்டுக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சீம்பால் கெட்ட பால் இல்லை

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும். கொஞ்சமாகத்தான் வரும். ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கரண்டி வந்தால் பெரிது. அதுவே போதும். பிறந்த பிள்ளையின் இரைப்பையும் அவ்வளவு சிறியதுதான்.

சீம்பாலில் நோயை எதிர்க்கும் சக்தி நிறைய இருக்கிறது. அதனால்தான் அதைப் பிள்ளைக்குப் போடும் முதல் தடுப்பு மருந்து என்கிறார்கள். பிள்ளையின் வயிற்றில் இருக்கும் கறுப்பு மலம் வெளியேறவும் அது உதவும். அதைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள்.

இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் மார்பு கனக்கும். வெள்ளைப் பால் இறங்கும். சிலருக்கு ஒரு நாள் தாமதம் ஆகலாம். அதுவரை பிள்ளை அடிக்கடி அழும், அடிக்கடி சப்பும். அந்த அழுகையைக் கேட்டு "பால் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பாலை வரவழைக்கப் பிள்ளை செய்யும் வேலை அது. நம் ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இறைக்க இறைக்கத்தானே ஊறும்? பிள்ளை சப்பச் சப்பத்தான் பால். புட்டியைக் கொடுத்தால் இறைப்பதை நிறுத்திவிட்டோம் என்று பொருள்.

எப்படிப் பிடிக்க வைப்பது?

இந்தத் துணிப்பொம்மையைப் பாருங்கள். இதை வைத்துக் காட்டுகிறேன். பிறகு நீங்களும் ஒவ்வொருவராகச் செய்து பாருங்கள்.

முதலில் நீங்கள் முதுகைச் சாய்த்து வசதியாக உட்காருங்கள். படுத்துக்கொண்டும் கொடுக்கலாம். பிள்ளையின் தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கட்டும். கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொடட்டும்.

காம்பால் பிள்ளையின் மேலுதட்டைத் தொடுங்கள். கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலமாகத் திறக்கும். அப்போது பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிய வேண்டாம்.

காம்பு மட்டும் வாயில் இருந்தால் போதாது. சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க நாலு அடையாளம்:

1. வாய் அகலமாகத் திறந்திருக்கும்.
2. கீழுதடு வெளியே மடங்கியிருக்கும்.
3. தாடை மார்பைத் தொட்டிருக்கும்.
4. கறுப்பு வட்டம் கீழே தெரிவதைவிட மேலே அதிகமாகத் தெரியும்.

தொடர்ந்து வலித்தால் பிடி சரியில்லை என்று அர்த்தம். சுண்டுவிரலை வாயோரம் விட்டு எடுத்துவிட்டு, மறுபடி பிடிக்க வையுங்கள். காம்பு வெடிப்பதற்குப் பெரும்பாலும் தப்பான பிடியே காரணம். குடித்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பிறகு மறுபக்கம் கொடுங்கள். பகலும் இரவுமாக 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். கடிகாரம் பார்க்க வேண்டாம். பிள்ளை வாயைத் திறந்து தேடினாலோ, கையைச் சப்பினாலோ அதற்குப் பசி. அழும்வரை காத்திருக்க வேண்டாம்.

பால் போதுமா? கோடு போட்டுப் பாருங்கள்

"போதுமா, போதாதா?" என்ற பயம் எல்லாத் தாய்க்கும் வரும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்துத் தெரியாதவரும் போடலாம்.

சுவரில் காலண்டர் இருக்கிறதல்லவா? பிள்ளை மூத்திரம் போகும்போதெல்லாம் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். முதல் நாள் ஒரு கோடு, இரண்டாம் நாள் இரண்டு என்று மெல்லக் கூடும். ஐந்து நாளுக்குப் பிறகு தினமும் ஆறு கோடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். இருந்தால் பால் போய்ச் சேருகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று எடை. பிறந்த பிள்ளை முதல் சில நாளில் கொஞ்சம் இளைக்கும். 3 கிலோ பிள்ளை 200 கிராம் குறைந்தது என்று பதற வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரமாகியும் திரும்பாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆச்சிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது உங்களிடம் வருகிறேன். பிரசவ வீட்டில் உங்கள் சொல்தான் செல்லும். அதனால்தான் நீங்கள் வந்ததில் எனக்குச் சந்தோஷம்.

எங்கள் ஆச்சி கெட்ட எண்ணத்தில் சேனை வைக்கவில்லை. பிள்ளை நல்ல குணத்தோடு வளர வேண்டும் என்றுதான் வைத்தார். ஆனால் அந்தத் தண்ணீரில், அந்த விரலில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கலாம். தேனும் ஆகாது. ஒரு வயது ஆகும்வரை தேன் வேண்டாம். அதிலுள்ள ஒருவகைக் கிருமி சின்னப் பிள்ளைக்குக் கடுமையான நோயைக் கொண்டுவரலாம்.

சேனைக்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். பிள்ளையை முதன்முதலாகத் தாயின் மார்பில் நீங்கள் எடுத்து வையுங்கள். "எங்க ஆச்சிதான் என்னை அம்மாகிட்ட பால் குடிக்க வச்சாங்க" என்று பிள்ளை வளர்ந்து சொல்லட்டும். அதைவிட நல்ல சேனை உண்டா?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர்கூட வேண்டாம். "மே மாச வெயிலிலுமா?" என்று கேட்பீர்கள். ஆமாம். தாய்ப்பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர்தான். கழுதைப்பால், உரை மருந்து, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதித் தரும் மருந்து மட்டும் கொடுக்கலாம்.

தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்து தானாக விழட்டும். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடாதீர்கள், ஊதாதீர்கள். பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். ஒரு நாளாவது பொறுங்கள். துடைத்து, துணி சுற்றி, தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்தால் உடம்பு சூடாக இருக்கும்.

பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடட்டும். பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளை சப்பாமல் வெறும் சுறாப்புட்டு பாலைக் கொண்டுவராது.

ஆபரேஷன் ஆனால்? வேலைக்குப் போனால்?

ஆபரேஷன் செய்து பிறந்தாலும் பால் உண்டு. தாய் கண் விழித்ததும், யாராவது பிள்ளையைப் பிடித்துக்கொண்டால் படுத்தபடியே கொடுக்கலாம். துணைக்கு இருக்கும் அம்மாவோ அத்தையோ இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

எடை குறைந்த பிள்ளை சில சமயம் சப்பாது. அப்போது பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பாலாடைதான். இன்று இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளுக்கு அதில்தான் பால் கொடுக்கிறார்கள். புட்டியைவிடக் கழுவுவது சுலபம்.

வேலைக்குப் போகிறவர்களும் இப்படிச் செய்யலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்த கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடிவையுங்கள். நிழலான இடத்தில் மூன்று நாலு மணி நேரம் கெடாது. வீட்டில் இருப்பவர் பாலாடையில் கொடுக்கட்டும்.

உண்மையிலேயே தாயால் கொடுக்க முடியாத நிலையும் உண்டு. தாய்க்குக் கடுமையான நோய் இருக்கலாம். சில மருந்துகள் சாப்பிடலாம். அப்போது டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அந்தத் தாய் மேல் பழி போடாதீர்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வழி பிறந்திருக்கிறது. நாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சயான் ஆஸ்பத்திரியில் 1989ஆம் ஆண்டு டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் வங்கி அதுதான். பால் கூடுதலாக உள்ள தாய்மார் தானம் செய்கிறார்கள். அவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. அந்தப் பாலை 62.5 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துக் கிருமியைக் கொல்கிறார்கள். குறைமாதமாகப் பிறந்த, தாயின் பால் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். பால்பவுடர் கடையில் கிடைக்கும் இந்தக் காலத்திலும், பெரிய டாக்டர்கள் இன்னொரு தாயின் பாலைத் தேடுகிறார்கள். தாய்ப்பாலின் அருமைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது

1992ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். பால்பவுடர், பால் புட்டி, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் டப்பா உணவு எதற்கும் விளம்பரம் செய்யக் கூடாது. தாய்மாருக்கு இலவச டப்பா கொடுக்கக் கூடாது. டப்பாவில் கொழுகொழு பிள்ளைப் படம் போடக் கூடாது. நான் படித்த அந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்தே ஆக வேண்டும்.

சட்டம் அந்த வரியை நமக்காகத்தான் எழுதவைத்தது. படிக்கத் தெரியாவிட்டால் அது வெறும் கோடுதான். படிக்கத் தெரிந்தும் படிக்காவிட்டாலும் அதே கதிதான். நான் இரண்டாவது ரகமாக இருந்தேன். வாசலில் கேட்ட மதினிக்கு இதுதான் என் பதில்.

உடனே ஓட வேண்டிய நேரம்

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள், அல்லது தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பால் குடிக்க மறுப்பது. அசையாமல் துவண்டு கிடப்பது. உடம்பு சுடுவது, அல்லது சில்லென்று ஆவது. நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்வாங்குவது. வலிப்பு. தொப்புளில் சீழ். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிவது, அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது. மூத்திரம் நின்றுபோவது.

பிரசவத்துக்கு முன் ஐந்து காரியம்

1. மூன்று மாதம் முடிவதற்குள் பெயரைப் பதிவு செய்து, தாய்-சேய் அட்டை வாங்குங்கள். அது மராத்தியில் இருந்தால் இங்கே கொண்டுவாருங்கள். சேர்ந்து படிப்போம்.
2. நாலு தடவையாவது பரிசோதனைக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.
3. முதல் பிள்ளைக்குத் தகுதி உள்ள தாய்க்கு மத்திய அரசுத் திட்டத்தில் 5,000 ரூபாய் உண்டு. பால்வாடியில் விசாரியுங்கள்.
4. முதல் மணி நேரத்தில் பால் கொடுக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரிடமும், துணைக்கு வருகிறவரிடமும், டாக்டரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.
5. பிறந்ததும் போட வேண்டிய தடுப்பு மருந்துகளைக் கேட்டு வாங்குங்கள். காசநோய்க்கு ஒன்று, போலியோவுக்குச் சொட்டு, கல்லீரல் காமாலைக்கு ஒன்று.

ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறு, பருப்பு, மசித்த வாழைப்பழம் என்று தொடங்குங்கள். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும், அதற்கு மேலும் தொடரலாம்.

முடிக்கும் முன் ஒரு சேதி. என் அக்காவுக்கு 2021இல் இரண்டாவது பிள்ளை பிறந்தது. பிரசவ அறையிலேயே அக்கா கேட்டு வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள் ராத்திரி இந்தப் பிள்ளையும் அழுதது. அம்மா பதறினார். அக்கா பதறவில்லை. "நாளைக்கு இறங்கும்மா. நீ தூங்கு" என்றாள். மறுநாள் பால் இறங்கியது.

அந்தக் காலண்டர் தாளை அக்கா இன்னும் வைத்திருக்கிறாள். கட்டம் கட்டமாக, ஆறு கோடு, ஏழு கோடு. நம் மையத்தில் சேர்ந்து எழுதப் பழகிய பிறகு, அந்தத் தாளின் மேலே பிள்ளையின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள்.

வளைகாப்புக்கு வந்து வளையல் போட்டுப் போகிறோம். இனிமேல் வளையல் போடும்போது ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போவோம். "முதல் மூணு நாள் பதறாதே. பிள்ளையை மார்பில் போடு. பால் ஊறும்."

வாருங்கள், இப்போது பொம்மையை வாங்கி ஒவ்வொருவராகச் செய்து பார்ப்போம்.